இழந்த காற்கூறு

"நாங்கள் ஜாம் போத்தல் விளக்கிலே படித்துப் பரீட்சை எழுதினோம். இவர்களுக்கு மின்விளக்கு உண்டு, மின்விசிறி உண்டு, கைப்பேசி உண்டு. இன்னும் என்ன குறை?"

உயர்தர வகுப்பிலே படிக்கின்ற பிள்ளை சற்றே சோர்ந்து காணப்படின், யாழ்ப்பாணத்து வீடுகளில் மூத்தோர் வாயினின்றும் எழுகின்ற வினா இது. வினவுவோர் பொய் கூறுவோர் அல்லர். அவர்கள் பட்ட பாடு மெய்யே. நாமும் அத் தலைமுறையைச் சேர்ந்தோமாதலின் இவ்வினாவைப் பன்முறை வினவியிருக்கின்றோம்; வகுப்பறையிலே நின்று உரத்த குரலில் வினவியதும் உண்டு. இப்பொழுது அதனை நினைக்குந்தோறும் நாணம் உண்டாகின்றது. பிள்ளைகள் வாளாவிருந்தமை அவர்களிடம் விடை இன்மையால் அன்று. நாம் வினாவையே பிழைபட வினவினமையால் என்பதை உணர நமக்கு நெடுங்காலம் பிடித்தது.

அவ்விளக்கைப் பற்றியே முதற்கண் கூறுவோம். 1990-ஆம் ஆண்டு யூன் மாதத்திலே மீண்டும் போர் மூண்டதன்பின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாது போயிற்று. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் பொன்போல் அரிதாயிற்று. வெறும் ஜாம் போத்தலின் அடியிலே சிறிது பஞ்சை இட்டு, அது நனையும் அளவுக்கு எண்ணெய் வார்த்து, நூல்போன்ற மெல்லிய திரியைக் கொளுத்துவோம். கண்ணாடிச் சுவரால் காற்றும் அணுகாது; எண்ணெயும் வீணாகாது. ஆயின் அதன் ஒளி ஒரு கொப்பியின் இரண்டு பக்கங்களுக்கு மேல் விழாது. ஒரு வீட்டுக்கு ஒரு விளக்கென்பதே பெரும்பாடு. ஆகவே அயலிலுள்ள நால்வர் ஐவர் ஒரு வீட்டிலே கூடுவோம். எழுதுவதற்குத் தாளும் தட்டுப்பாடாகவே இருந்தது. ஒருவன் வாய்விட்டுப் படிப்பான், ஏனையோர் கேட்போம். "இவ்விடம் விளங்கவில்லை" என்று ஒருவன் சொல்வான். விளங்கியவன் சொல்லிக் கொடுப்பான். சொல்லிக் கொடுக்கப் புகுந்தவன் பாதிவழியிலே தடுமாறித் தனக்கும் அது விளங்கவில்லையென்று அறிவதும் உண்டு. அப்பொழுது எழும் சிரிப்பை விளக்குக்குரிய வீட்டுத் தாய் வந்து அடக்குவாள். அவளுக்கு எண்ணெய்க் கவலை.

அக்காலத்தைப் பொற்காலமென்று பாடுவது நம் கருத்தன்று. வானூர்தியின் ஒலி கேட்டதும் கொப்பியை எறிந்துவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய காலம் அது. பரீட்சை எந்நாளில் நிகழும், நிகழுமா என்பதே ஐயமாயிருந்தது. அவ்விளக்கைச் சூழ்ந்திருந்தோருள் பரீட்சை மண்டபத்துக்கு வராமலே போனவரும் உண்டு. அத்தகைய காலம் எப்பிள்ளைக்கும் மீண்டும் வருதலாகாது. எனினும், வறுமை நம்மை அறியாமலே நமக்குக் கொடுத்த ஒன்றை, வசதி இப்பிள்ளைகளிடமிருந்து அவர்களை அறியாமலே பறித்துக்கொண்டது. ஒற்றை விளக்கு நம்மை ஒன்றாக இருத்திற்று. இன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வோர் அறை, ஒவ்வொரு மேசை, ஒவ்வொரு விளக்கு. அவ்வறையின் கதவும் அடைத்தபடியே இருக்கின்றது.

அவ்வறையினுள்ளே இருக்கும் பிள்ளையின் ஒரு நாளைப் பார்ப்போம். பொழுது விடியுமுன் ரியூசன் வகுப்பு ஒன்று. பாடசாலை காலை 7.30-க்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30-க்கு முடியும். உண்டும் உண்ணாமலும் மீண்டும் சைக்கிள். மாலையிலே ஒரு வகுப்பு, இருட்டியபின் இன்னொரு வகுப்பு. வீடு திரும்பியதும் அன்று மூவிடத்திலே எழுதிய குறிப்புகளை அடுக்கி வைக்கவே பொழுது போதாது. மூன்று பாடங்களுக்கு ஆறு ஆசிரியர் என்ற கணக்கிலே ஓடுகின்ற பிள்ளைகளை நாம் அறிவோம். நள்ளிரவு கடந்தபின் படுத்து நான்கு மணிக்கு எழும்புவதைப் பெற்றோர் பெருமையாக எடுத்துரைக்கின்றனர். பதின்ம வயதினர்க்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கொண்ட அளவு. பகலிற் கற்றவை உள்ளத்திலே படிந்து நிலைபெறுவதும் உறக்கத்தின்கண்ணே என்று அவர் கூறுவர். உறக்கத்தை விற்றுப் படிப்பு வாங்குவது, விதைநெல்லைக் குற்றிச் சமைப்பதை ஒக்கும்.

மலையகத்திலே நிலை வேறு. அங்கே ஆறு ஆசிரியர் அல்லர். கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் தமிழ்மொழியிற் கற்பிக்க ஓராசிரியர் கிடைத்தலே அரிதான பாடசாலைகள் பல. வன்னியின் உட்கிராமங்களிலும் இதே கதை. ஓரிடத்திலே மிகையாலும் மற்றோரிடத்திலே குறையாலும் பிள்ளைகள் வருந்துகின்றனர். ஆயினும் இரு சாராரும் எழுதுவது ஒரே வினாத்தாளையே.

இனி அப்பரீட்சையின் அளவையும் நோக்குக. ஆண்டுதோறும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பிக்கின்றனர். அரச பல்கலைக்கழகங்களுக்கு அண்மைய ஆண்டுகளிலே தெரிவாவோர் நாற்பதினாயிரத்துச் சொச்சம் பேர். தெரிவு 'இசட்' புள்ளி என்னும் கணக்கால் நிகழ்கின்றது. 2001-ஆம் ஆண்டு தொடக்கம் இம்முறை நடைமுறையில் உள்ளது. பிள்ளை பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, புள்ளிகளின் விலகல் அளவால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி காண்பர். அதாவது, நீ எவ்வளவு அறிந்தாய் என்பதை அன்றி, ஏனையோரிலும் எவ்வளவு முன்னின்றாய் என்பதையே அது கூறும். கலைத்துறை ஒழிந்த பெரும்பாலான துறைகளிலே நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் தகுதிக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. இடர்ப்பாடான பாடத்தையும் இலகுவான பாடத்தையும் ஒரு தராசில் நிறுக்க இக்கணக்கு வேண்டப்பட்டது என்பதை மறுக்கவியலாது. நாம் குறை கூறப் புகுந்தது கணக்கையன்று. அக்கணக்கு வகுப்பறைக்குள் நுழைந்து, பக்கத்து வாங்கிலே இருக்கும் தோழனைப் போட்டியாளனாக மாற்றிவிட்டதே, அதனையே கூறுகின்றோம்.

நல்ல குறிப்பைத் தோழிக்குக் காட்டாமல் மறைத்து வைக்கும் பிள்ளையை நாம் கண்டிருக்கின்றோம். "எந்த ரியூசனுக்குப் போகிறாய்?" என்று கேட்டால் பொய் சொல்லும் பிள்ளையையும் கண்டிருக்கின்றோம். "படித்தாயா?" என்றால் "ஒன்றும் படிக்கவில்லை" என்பது மாணவரிடையே வழங்கும் முகமன் ஆகிவிட்டது. இது பிள்ளையின் தீக்குணமன்று. "மற்றப் பிள்ளை எத்தனை எடுத்தது?" என்று ஒவ்வொரு தவணைப் பரீட்சையிலும் கேட்டுக் கேட்டு நாம் பயிற்றிய குணமே.

இவ்விடத்திலே நம் பழைய இலக்கண நூலொன்றின் துணையை நாடுவோம். பண்டிதன் எங்கே சென்றாலும் நன்னூலைக் கக்கத்திலே கொண்டுசெல்வான் என்று நண்பர் நகைக்கலாம், நகைக்கட்டும். 13-ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர், நன்னூற் பொதுப்பாயிரத்திலே கல்வி எங்ஙனம் நிறைகின்றது என்று ஒரு கணக்குச் சொல்கின்றார். ஆசிரியர் கூறியதைக் குறைவறக் கேட்டுக்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையிலே காற்கூறுதான். உடன் கற்போரோடு பழகிப் பயிலுதலால் இன்னொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைப்பங்கு தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்து விரித்துரைக்கும்பொழுதே நிரம்பும். தானே வினவுதலையும் பிறர் வினாவுக்கு விடையிறுத்தலையும் அவர் மாணாக்கன் கடமைகளுள் வைத்து எண்ணுகின்றார். ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையோடு நன்னூலைப் பாடங்கேட்டோர் இப்பகுதியை மனனஞ் செய்தே இருப்பர். மனனஞ் செய்தோமேயன்றி அதனை ஒரு கணக்காக எண்ணிப் பார்த்தோமல்லேம்.

இப்பொழுது எண்ணிப் பாருங்கள். பாடசாலையில் ஒருமுறை, ரியூசனிலே ஒருமுறை, சில வேளை காணொளியிலே மற்றுமொருமுறை என்று நம் பிள்ளைகள் ஆசிரியர் தரும் அந்தக் காற்கூற்றையே மூன்று தரம் விலைகொடுத்து வாங்குகின்றனர். எத்தனை தரம் வாங்கினும் அது காற்கூறே. தோழரால் வரும் காற்கூறு, அடைத்த கதவுக்கு வெளியே நிற்கின்றது. எடுத்துரைத்தலால் வரும் அரைப்பங்கு யாருக்கு எடுத்துரைப்பதென்று தெரியாமல் கிடக்கின்றது. முக்காற் கல்வியை இழந்த பிள்ளை, தான் மந்தபுத்தியுடையவனோ என்று அஞ்சி இரவிலே அழுகின்றது. பாரம் பெரிதாக இருப்பது ஒன்று. அதனைத் தனியே சுமத்தல் மற்றொன்று. நம் காலத்துப் பாரம் இதனினும் பெரிது. ஆனால் நாம் அதனைத் தனியே சுமந்தோமல்லோம்.

"தோழிக்குச் சொல்லிக் கொடுத்தால் என் இடம் போய்விடுமே" என்று ஒரு மாணவி நம்மிடம் வெளிப்படையாகவே கேட்டாள். நல்ல வினா. கணக்கறிந்த பிள்ளைக்குக் கணக்காலேயே விடை கூறவேண்டும். ஒரு பாடத்துக்குத் தோற்றுவோர் பல்லாயிரவர். அவருள் ஒருத்தியின் புள்ளி பத்து உயர்ந்தாலும் சராசரி அசைவது கண்ணுக்குப் புலப்படாது. அவள் உன்னை முந்தியே விட்டாலும் நீ இழப்பது மாவட்ட வரிசையிலே ஓர் இடம். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தமையால் அப்பாடம் உனக்கு நன்கு பதிந்து, நீ பெறும் புள்ளி இரண்டு மூன்று உயர்ந்தால், நீ தாண்டிச் செல்வோர் எத்தனை பேர்? ஒருவரைத் தடுக்கக் கதவை அடைத்து, நூற்றுவரைத் தாண்டும் வழியையும் அடைத்துக்கொள்வது எந்த வாணிகத்திலே சேர்ந்தது? மன்னார், முல்லைத்தீவு போன்ற சிறிய மாவட்டங்களிலே மருத்துவத்துக்குரிய இடங்கள் மிகச் சிலவாதலின் ஓரிடமும் பெரிதே என்று அம்மாணவி மறுத்துக் கூறினாள். அது உண்மை, அந்தச் சிலர் மட்டில் நம் கணக்கு இளைக்கின்றது. ஆயின் அந்தச் சிலரின் அச்சத்தை எல்லா மாணாக்கரும் ஏன் அணிந்துகொள்ள வேண்டும்?

பெற்றோரின் அச்சத்தைப் பழித்தல் எளிது. அது எங்கிருந்து வந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். 1945-ஆம் ஆண்டு கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. தோட்டக்காரன் மகனும் மீனவன் மகளும் பல்கலைக்கழக வாயிலை எட்டிப் பார்க்கலாம் என்ற நம்பிக்கை அப்பொழுது பிறந்தது. நீரும் குறைந்து தொழிலும் குறைந்த குடாநாட்டிலே படிப்பே காணியாயிற்று. 1970-களின் தொடக்கத்திலே தரப்படுத்தல் வந்தபோது, சில புள்ளிகளால் ஒரு வாழ்வே திசைமாறிப் போவதைத் தமிழ்க் குடும்பங்கள் கண்ணாரக் கண்டன. பின்பு போர் வந்து வீட்டையும் காணியையும் கொண்டுபோன வேளையிலும் சான்றிதழை மட்டும் பொலித்தீன் பையிலே சுற்றி மடியிலே கொண்டு நடந்தோம். அவ்வாறு நடந்தோரின் பிள்ளைகளே இன்றைய பெற்றோர். புள்ளியைக் கண்டு அவர்கள் அஞ்சாமல் என் செய்வர்? ஆனால், தாம் கண்ட அச்சத்தைப் பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்கத்தான் வேண்டுமா என்பதே நம் வினா.

இக்காலப் பிள்ளைகளும் எளிதான காலத்திலே படித்தாரல்லர். 2020 மார்ச்சிலே பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டன. 2021-ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022-ஆம் ஆண்டிலேயே நடந்தது. அந்த 2022-இலே தாள் இல்லை, எரிபொருள் இல்லை, மின்சாரம் பல மணி நேரம் இல்லை; பழைய ஜாம் போத்தலைத் தேடிய வீடுகளையும் நாம் அறிவோம். 2024 நவம்பர் 25-ஆம் நாள் தொடங்கிய பரீட்சை மழைவெள்ளத்தால் இடையிலே நின்று திசெம்பரிலே தொடர்ந்தது. அடுத்த ஆண்டும் அவ்வாறே. டித்வா புயலால் இடைநின்ற பாடங்களை 2026 சனவரியிலே எழுதினர். ஓராண்டு முழுதும் ஒரு நாளை எண்ணிப் படித்த பிள்ளைக்கு அந்நாள் தள்ளிப்போதல் எத்துணை வேதனை என்பது பட்டவர்க்கே தெரியும்.

இனி நம் குற்றம் ஒன்றைச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் இத்தலையங்கம் ஊருக்கு உபதேசமாய் முடியும்.

பகலிலே பாடசாலையில் உயர்தர வகுப்புக்குத் தமிழும், மாலையிலே கீழைத்தேயக் கல்லூரியிற் பண்டித வகுப்பும் எடுப்பது நம் தொழில். பல்லாண்டுகளாக நமக்கு ஒரு வழக்கம் இருந்தது. விடைத்தாள்களைத் திருத்தியபின் புள்ளி வரிசையிலே அடுக்கிக் கொண்டுபோய், முதற் புள்ளி எடுத்தோனை முதலிலே அழைத்துக் கொடுப்போம். கடைசித் தாள் யாருடையது என்று வகுப்பு முழுதும் காத்திருக்கும். இஃது ஊக்கம் பிறப்பிக்கும் என்று நம்பினோம். நம் ஆசிரியரும் அவ்வாறே செய்தார். சில ஆண்டுகளின் முன் தொடர்ந்து மூன்று தவணைகளிலே கடைசித் தாளைப் பெற்ற மாணவன் ஒருவன் வகுப்புக்கு வருவதை நிறுத்தினான். வயிற்றுநோ என்று கடிதம் வந்தது. பின் தலையிடி என்று வந்தது. சோம்பலென்றே எண்ணினோம். ஒரு மாலை அவன் வீட்டு வழியாற் போக நேர்ந்தபொழுது உள்ளே சென்றோம். நம் குரல் கேட்டதும் பையன் பின்கதவால் வெளியேறிக் கிணற்றடியிலே நின்றான். கைகள் நடுங்கின. தாய் ஒன்றும் பேசாமல் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். நாம் அவனோடு பனையையும் மழையையும் பற்றிச் சிறிது நேரம் பேசினோம். எழும்பி வரும்வேளையிலே, "சேர், தாள் கொடுக்கிற அன்றைக்கு மட்டும் நான் வராமல் விடலாமா?" என்று கேட்டான்.

அவ்வொரு நாளைத் தவிர்ப்பதற்காகவே அவன் எல்லா நாளையும் தவிர்த்திருந்தான். ஊக்கம் பிறப்பித்த இலட்சணம் அது.

நன்னூலார் எவர்க்கு நூல் உரைத்தல் ஆகாதென்றும் ஒரு பட்டியல் தருகின்றார். செருக்குடையோன், சோம்பேறி, கள்வன், சினமுடையோன் என்று போகும் அப்பட்டியலிலே நோயாளியும் உளன். பழைய நூல்களைக் கண்டு அஞ்சி உள்ளந் தடுமாறுவோனும் உளன். பாயிரத்தின் ஏனைய பகுதியெல்லாம் பொன்னாகப் போற்றும் நாம், இவ்விடத்திலே முனிவரை வணங்கி விலகி நிற்கின்றோம். தாம் விரும்பிய மாணாக்கரைத் தெரிந்தெடுத்த ஆசிரியர் காலத்து விதி அது. இன்றோ நாட்டின் பிள்ளைகள் அனைவரும் நம் வகுப்பிலே இருக்கின்றனர். அவருள் அஞ்சித் தடுமாறுவோனே நம்மை முதலில் வேண்டி நிற்பவன். அவனை நீக்கியபின் கற்பிக்க எஞ்சுவோர் நாம் இல்லாமலும் கற்பர்.

அச்சம் எப்பொழுதும் அச்சமென்ற பெயரோடு வருவதில்லை. காலையில் மட்டும் வரும் வயிற்றுநோவாக வரும், உறக்கமின்மையாக வரும், உணவில் வெறுப்பாக, காரணமில்லாச் சினமாக வரும். முன்பு விரும்பிய விளையாட்டையும் பாட்டையும் பிள்ளை வெறுக்குமாயின், "நான் இருந்து என்ன பயன்" என்ற சொல் விளையாட்டாகவேனும் அதன் வாயில் வருமாயின், அதனைப் படிப்புக் கள்ளமென்று தள்ளுதல் பெரும்பிழை. அவ்வேளையிலே அறிவுரையை நிறுத்திப் பக்கத்திலே இருந்து கேட்கவேண்டும். பிள்ளையைத் தனியே விடலாகாது. மருத்துவரிடமும் அழைத்துச் செல்லவேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை எவரும் அழைக்கலாம். பாடசாலைகளிலே ஆலோசனைக்கென ஆசிரியர் உளர். அவர்க்கு வேறு பத்து வேலைகளையும் சுமத்தி, அவர் அறையைப் பழைய தளபாடக் களஞ்சியமாக்கியிருப்பதை அதிபர்கள் ஒருகணம் சென்று பார்ப்பாராக. காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கும்போது "அயலார் என்ன நினைப்பர்" என்று நாம் கேட்பதில்லை. மனநோவுக்கு மட்டும் ஏன் கேட்கின்றோம்?

படிக்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல். நூலொன்றை இருமுறை கேட்டவன் பிழை நீங்குவான், மும்முறை கேட்டவன் எடுத்துரைக்கும் முறையும் அறிவான் என்பது நன்னூற் கருத்து. எர்மன் எபிங்கவுசு என்ற செருமானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்தும் மறந்தும் ஆராய்ந்து, 1885-ஆம் ஆண்டிலே மறதி பற்றி நூலொன்று வெளியிட்டார். கற்றது முதலிலே விரைந்து மறக்கும், இடைவிட்டு மீட்டால் நிலைக்கும் என்பது அவர் கண்ட முடிவு. ஒரே இரவிலே பத்து மணி நேரம் விழுங்குதலினும், நாளொன்றுக்கு ஒரு மணியாகப் பத்து நாள் மீட்டல் நன்று. கொப்பியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதினும், மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தல் நன்று. சொல்வதற்கு எதிரே ஒருவர் இருப்பாராயின் இன்னும் நன்று. மாணாக்கர் நால்வர் வாரத்திலே ஒரு நாள், ஒரு வீட்டுத் திண்ணையிலோ நூலகத்து மூலையிலோ கூடி, ஒவ்வொருவரும் ஒவ்வோர் அலகை ஏனையோர்க்குச் சொல்லிக் கொடுக்கலாம். இதற்குக் கட்டணமில்லை. கைப்பேசி வழியாகவும் செய்யலாம் என்பர். முகம் பார்த்துச் செய்வதே நமக்குப் பிடிக்கும்.

பெற்றோரிடம் நாம் கேட்பது சிறிது. "எத்தனை எடுத்தாய்?" என்பதற்கு முன்னே "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். தோழர் வீடு தேடி வந்தால் "பரீட்சை நேரத்தில் என்ன பேச்சு?" என்று துரத்தாதீர்கள், ஒரு பாய் விரித்துத் தேநீர் கொடுங்கள்.

பத்திரிகைகளுக்கும் இதிற் பங்குண்டு. நம் நாளிதழும் விலக்கன்று. பெறுபேறு வெளியான மறுநாள் முதற் பக்கம் முழுதும் முதலிடம் பெற்றோரின் படங்கள். சந்திகளிலே ரியூசன் நிலையங்களின் பதாகைகள். அவற்றிலும் அதே முகங்கள். உழைத்துப் பெற்ற பிள்ளைகளைப் பாராட்டுதல் முறையே. ஆனால், அதே பத்திரிகையை அதே காலையிலே விரித்துப் பார்க்கின்ற ஏனைய இலட்சக்கணக்கானோர்க்கு நாம் அச்சிடுவது யாது? தாதியர் கல்லூரி, தொழினுட்பக் கல்லூரி, கல்வியியற் கல்லூரி, திறந்த பல்கலைக்கழகம் என்னும் வழிகளுக்கு எவ்வாறு, எப்பொழுது விண்ணப்பிக்கலாம் என்ற விவரத்தை அப்படங்களுக்குப் பக்கத்திலேயே அச்சிட்டால் என்ன? ஆசிரிய பீடத்திலே இதனை எடுத்துரைத்துள்ளோம். விளம்பரப் பகுதியார் முகஞ் சுளித்தனர்.

கிணற்றடியில் நின்ற அம்மாணவனின் வினாவுக்குப் பின், விடைத்தாள்களை வரிசைப்படுத்திக் கொடுப்பதை நிறுத்தினோம். பெயரகராதி முறையிலே, மடித்தபடி கொடுக்கின்றோம். சனிக்கிழமைப் பிற்பகல்களிலே வகுப்பறையொன்றைத் திறந்துவைக்க அதிபரிடம் இசைவு பெற்றோம். நாம் பாடம் நடத்துவதில்லை. பின்வாங்கிலே இருந்து பண்டித வகுப்புத் தாள்களைத் திருத்துவோம். முதல் இரண்டு கிழமை மூவர் மட்டுமே வந்தனர். வந்தவரும் தனித்தனியே இருந்து படித்தனர். பெற்றோர் சிலர் "புள்ளி கூடுமா, சேர்?" என்று கேட்டனர். கூடுமென்றே நினைக்கின்றோம், ஆயினும் அதற்கு உறுதிச் சீட்டு எழுதிக் கொடுக்க நம்மிடம் தாள் இல்லை என்று சொல்லி அனுப்பினோம்.

மூன்றாங் கிழமை அப்பையன் வந்தான். கரும்பலகையண்டை ஒரு மாணவி வேற்றுமைப் புணர்ச்சியை ஏனையோர்க்கு விளக்கிக்கொண்டிருந்தாள். நடுவிலே ஓர் எடுத்துக்காட்டிலே தடுமாறி நின்று, "இதற்கு மேல் எனக்கும் தெரியாது" என்றாள். அறை அமைதியாயிற்று. நாம் தலைநிமிர்ந்தோமில்லை. சற்று நேரத்தில் வெண்கட்டி பலகையிலே உரசும் ஒலி கேட்டது. எழுதியது அவன் கை. ஒரிடத்திலே பிழையும் இருந்தது. அதனை எடுத்துக் காட்டியது முன்வாங்கிலே இருந்த இன்னொருவன். காவலாளி வந்து கதவைப் பூட்டவேண்டும் என்று இருமுறை சொன்னபின்பே எழும்பினார்கள்.